சொதிச் சட்டியும் கலங்கல் சென்சரும்

தம்பி, நீங்கள் எழுதியதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். வெள்ளவத்தையில், கடற்கரை வீதிப் பக்கமாக ஒரு தொடர்மாடி, அதில் மேல்மாடி. ஐந்து வருடம் பழகிய ஐரோப்பிய டிஷ்வொஷர். முன்பு, அழுக்கைப் பார்த்து மெஷினே நேரத்தை முடிவெடுக்கிற ஓட்டோ புரோகிராமில் போட்டால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இரண்டு மாதமாகச் சில நாள் மூன்று மணித்தியாலம் இழுக்கிறது, தண்ணீரை எடுப்பதும் வெளியே தள்ளுவதுமாக நிற்கிறது. வேறு சில நாள் ஐம்பது நிமிடத்திலேயே மணி அடித்துவிட்டு, கோப்பைகளைப் பிசுபிசுப்போடு கையில் தருகிறது. வந்து பார்த்தவர், கழுவிய தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கிற கலங்கல் சென்சர் போய்விட்டது, தண்ணீர் சேர்கிற அடிக் குழியோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று புது மெஷினில் பாதி விலை சொல்லியிருக்கிறார். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. செத்த சென்சர் தினமும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் விளக்கு எரியாவிட்டால் மெஷினுக்கு எப்போதும் இருட்டு. ஒவ்வொரு முறையும் தண்ணீர் அழுக்கு என்றே நினைத்து நீட்டி ஓடும், இல்லாவிட்டால் எரர் காட்டி நிற்கும். ஒரு நாள் மூன்று மணித்தியாலம், இன்னொரு நாள் ஐம்பது நிமிடம் என்று ஆடுகிற சென்சருக்குப் பார்வை இருக்கிறது. ஒன்றில் அதன் முன்னால் வருகிற தண்ணீர் நாளுக்கு நாள் மாறுகிறது, அல்லது அதன் வயர் எங்கோ தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இரண்டுக்கும் பாதி மெஷின் விலை தேவையில்லை.

சென்சர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஃபில்டரைக் கழற்றினால் தெரிகிற குழிக்குக் கீழேயோ பம்பின் பக்கத்திலோ, இரண்டு விரலை நீட்டிப் பிடித்த மாதிரி, தெளிந்த பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு. ஒரு விரலுக்குள், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி தருகிற எல்.இ.டி. விளக்கு. மற்ற விரலுக்குள் அந்த ஒளியைப் பிடிக்கிற போட்டோ டிரான்சிஸ்டர். நடுவில் கழுவிய தண்ணீர். அக்கரைக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்பதை அது வோல்ட் கணக்கில், மெஷினை நடத்துகிற எலெக்ட்ரோனிக் போர்டுக்குச் சொல்கிறது. முதல் கழுவல் முடிந்ததும் போர்டு அதைப் பார்த்து, இந்தத் தண்ணீரையே சூடாக்கித் தொடரலாமா, வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக எடுக்கலாமா என்று முடிவெடுக்கும். அலசும்போது மறுபடியும் பார்க்கும். கழுவும்போது பம்பின் இரைச்சல் கொஞ்ச நேரம் அடங்கித் திரும்பத் தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். பல மெஷின்களில் அதுதான் சென்சர் கண் திறந்து பார்க்கிற நேரம், குமிழி அடங்கினால்தான் அதற்குச் சரியாகத் தெரியும். வெப்பத்தை அளக்கிற தெர்மிஸ்டரும் பெரும்பாலும் அதே துண்டுக்குள்தான் இருக்கும். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

நம் குசினிக்கு முக்கியமான விஷயம், இந்தக் கண்ணுக்கு நிறம் தெரியாது. நம்பிக்கை வராவிட்டால் மேசையிலேயே பார்க்கலாம். ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிளாஸ் இரண்டு எடுங்கள். ஒன்றில் நல்ல சாயமான பிளேன்டீ. மற்றதில் வெறும் தண்ணீர், அதற்குள் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். டிவி ரிமோட்டை கிளாஸின் ஒரு பக்கம் பிடித்துப் பட்டனை அழுத்திக்கொண்டு, மறுபக்கம் இருந்து ஃபோனின் செல்ஃபி கமராவால் பாருங்கள். ரிமோட்டின் நுனியில் இருப்பதும் சென்சருக்குள் இருப்பதும் ஒரே இனத்து விளக்கு. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற தேநீருக்கு ஊடாக அந்த ஊதா வெள்ளைப் பொட்டு அப்படியே பளிச்சென்று தெரியும். தேங்காய்ப்பால் கிளாஸில் அது பனிமூட்டத்துக்குள் நிற்கிற லைட் போல மங்கிப் பரவிவிடும். சாயம் இன்ஃப்ராரெட் ஒளியைத் தடுப்பதில்லை. மிதக்கிற கொழுப்புத் துளியும் மாவும்தான் அதைச் சிதறடிக்கின்றன.

இதனால் இரண்டு விஷயம். சென்சரின் பிளாஸ்டிக் மஞ்சள் பிடித்துப் போயிருப்பதைக் காட்டி "இதோ, போய்விட்டது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். கறியின் மஞ்சள் கறை நமக்குத்தான் அசிங்கம், இன்ஃப்ராரெட்டுக்கு அது கண்ணாடி மாதிரி. மற்றது, சொதிச் சட்டி. ஒரு நிரப்பலுக்கு மெஷின் எடுப்பது மூன்று நான்கு லீட்டர் தண்ணீர்தான். அடியில் அரை அகப்பை சொதி மிஞ்சிய சட்டியை அப்படியே கவிழ்த்து வைத்தால் அந்தத் தண்ணீர் முழுக்கப் பாலாகிவிடும். மெஷின் அதைத் தள்ளும், திரும்ப எடுக்கும், திரும்பத் தள்ளும். புட்டும் சொதியும் சாப்பிட்ட இரவில் மூன்று மணித்தியாலம், பாண் சாப்பிட்டு பிளேன்டீ குடித்த இரவில் ஐம்பது நிமிடம் என்றால் அது பழுதில்லை, சென்சர் தன் வேலையைச் செய்கிறது. ஒரு கிழமைக்கு எழுதி வைத்துப் பாருங்கள்: இரவு என்ன சமைத்தீர்கள், மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது. எனக்குத் தெரிந்த மிகச் சிக்கனமான பழுதுபார்ப்பு இதுதான்.

ஆனால் உங்களுக்கு வருகிற ஐம்பது நிமிடத்தில் கோப்பை பிசுபிசுக்கிறது என்கிறீர்கள். அதற்குச் சமையல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. தண்ணீருக்கு வருவோம்.

கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையில் அம்பத்தலேயில் எடுத்துச் சுத்திகரிப்பதும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்து வருவதும். சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீர், சவர்க்காரம் போட்டால் உடனே நுரைக்கும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருந்து எடுக்கிற யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிடவே முடியாது. அதனால் "சென்சரில் சுண்ணாம்பு படிந்துவிட்டது" என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதைக் கொழும்பில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இங்கே பிரச்சினை வேறு. குழாய் வேலை என்று நீர் வெட்டு வந்து, திரும்பத் தண்ணீர் விடும்போது முதலில் வருவது தேயிலைச் சாயம் போல ஒரு மண்ணிறத் தண்ணீர். குழாய்க்குள் கிடந்த துருவும் வண்டலும் கிளம்பி வருகின்றன. அது தொடர்மாடிக் கூரையில் இருக்கிற தண்ணீர்த் தாங்கிக்குப் போகிறது, அடியில் படிகிறது, தாங்கியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் கிளம்பி உங்கள் வீட்டுக்கு இறங்குகிறது. தேநீர்ச் சாயத்தை மன்னிக்கிற சென்சர் இந்த வண்டலை மன்னிக்காது, அது கரைந்த நிறமில்லை, மிதக்கிற தூள். கலங்கலை என்.டி.யூ. என்ற அலகில் அளப்பார்கள். ஏறத்தாழ 4 என்.டி.யூ. தாண்டினால்தான் நம் வெறுங்கண்ணுக்குக் கலங்கல் தெரியத் தொடங்கும். ஆகவே பைப்பைத் திறந்து பார்த்து "தெளிவாகத்தானே இருக்கிறது" என்று சொல்வது அத்தாட்சி ஆகாது.

இன்னொன்றும் நடக்கிறது. பல மெஷின்கள் எது சுத்தமான தண்ணீர் என்பதைத் தாங்களாகவே கற்றுக்கொள்கின்றன. கடைசி அலசலில் வருகிற தண்ணீரை அளந்து அதையே அடுத்த முறைக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளும். நீர் வெட்டு முடிந்த அன்று கலங்கல் தண்ணீரை அளவுகோலாக எடுத்துவிட்டால், அடுத்த நாள் வருகிற எண்ணெய்த் தண்ணீரும் அதற்குச் சுத்தமாகத்தான் தெரியும். சீக்கிரம் முடித்துவிடும். கோப்பை பிசுபிசுக்கும். உங்கள் ஐம்பது நிமிடத்துக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இதில் எனக்கும் ஒரு கதை இருக்கிறது, சொல்ல வெட்கம். தெஹிவளையில் என் வீட்டு மெஷினே இப்படி ஆடியது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், அவசரப்பட்டு சென்சரை வரவழைத்து மாற்றினேன். நான்கு நாளில் அதே ஆட்டம். தாங்கி கழுவ வந்த பையன் அடியில் இருந்து கால் வாளி சேறு அள்ளிக் காட்டினான். பழைய சென்சர் இன்னும் லாச்சியில் கிடக்கிறது, ஒரு குறையும் இல்லாமல்.

மேல்மாடி என்றீர்கள், அதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய டிஷ்வொஷர்கள் பெரும்பாலும் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கும். பத்து மீற்றர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார். ஆகவே தாங்கி உங்கள் பைப்புக்கு மேலே ஐந்து மீற்றராவது இருக்க வேண்டும். மேல்மாடியில் கூரைத் தாங்கி இரண்டு மூன்று மீற்றர்தான் உயரத்தில் இருக்கும், இடையில் பம்ப் இல்லாவிட்டால் 0.2, 0.3 பார்தான் கிடைக்கும். கீழ்மாடிக்காரர்களுக்கு இல்லாத கஷ்டம் உங்களுக்கு வருவது இதனால். தண்ணீர் குறைவாக நிறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். சென்சரின் இரண்டு விரலுக்கு நடுவில் குமிழி ஓடும், குமிழியும் அதற்கு அழுக்குத்தான். மெஷினுக்குத் தண்ணீர் வருகிற குழாயின் தொடக்கத்தில் இருக்கிற சின்னச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். வண்டல் அடைத்திருந்தால் இருக்கிற அழுத்தமும் அங்கேயே போய்விடும்.

நுரையும் அதே கணக்கு. டிஷ்வொஷர் பவுடர் முடிந்த அன்று, கையால் கழுவுகிற லிக்விட்டில் ஒரு சொட்டு விட்டால் என்ன என்று யாராவது விட்டிருப்பார்கள். வீட்டில் விசாரியுங்கள், அதட்டாமல். மென்மையான தண்ணீரில் அந்த ஒரு சொட்டு அரை மெஷின் நுரை. உப்புப் போடுகிற அறையின் மூடியையும் இறுக்கிப் பாருங்கள். அப்படியே மெஷினின் செட்டிங்கில் தண்ணீரின் கடினத்தன்மை (சுண்ணாம்பு) அளவைக் கொழும்புத் தண்ணீருக்கு ஆகக் குறைந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். கிளாஸ்கள் புகை படிந்த மாதிரி இருந்தால் ஒன்றை வினாகிரியில் ஊற வையுங்கள். தெளிந்தால் படிவு. தெளியாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது, அதற்கும் சென்சருக்கும் சம்பந்தமில்லை.

இனிச் சுத்தம். கொழும்பில் சென்சரை மறைப்பது சுண்ணாம்பைவிடக் கொழுப்பு. அதனால் வரிசை முக்கியம், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை நரம்பு, மீன் முள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். குழிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, கையுறை போட்டு எடுங்கள், கண்ணாடித் துண்டு கிடக்கலாம். பிறகு வெறும் மெஷினில் வழமையான பவுடர் போட்டு, இருப்பதிலேயே சூடான புரோகிராமை ஓட்டுங்கள், 65, 70 பாகை வருவது. கொழுப்புப் போகும். அதற்குப் பிறகுதான் சிட்ரிக் அமிலம், நூறு கிராம் போல, பவுடர் இல்லாமல் இன்னொரு சூடான ஓட்டம். கொழுப்பின் மேல் அமிலத்தை ஊற்றிப் பயனில்லை. தேசிக்காய்ப் பாதியைப் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வாசம் வரும், விதை போய் வடிகால் பம்பில் சிக்கும், அவ்வளவுதான். பிளீச்சை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

இதெல்லாம் செய்தபின் ஒரு சோதனை. கூரைத் தாங்கி கழுவி, தண்ணீர் தெளிந்த நாளில், மெஷினை வெறுமையாக ஓட்டோவில் ஓட்டுங்கள். உள்ளே அழுக்கே இல்லை, ஆகவே ஓட்டோ தன் குறைந்த நேரத்தில் முடிய வேண்டும். இரண்டு மூன்று தரம் ஓட்டினால் அளவுகோலும் புதுப்பிக்கப்பட்டுவிடும். வெறும் மெஷினும் மூன்று மணித்தியாலம் இழுத்தால்தான் சென்சர் பக்கம் கையை வைக்க வேண்டும். ஈகோ புரோகிராமில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது குறைந்த சூட்டில் நீண்ட நேரம் ஓடுவதற்கென்றே செய்தது, மூன்று மணித்தியாலம் தாண்டுவது அதன் குணம்.

கழற்றுவது உங்கள் கையால் முடியுமா என்று நான் சொல்ல முடியாது. மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லையென்றால் இங்கே நிறுத்திவிட்டு, ஒரு நல்ல டெக்னீஷியனிடம் இதைக் காட்டுங்கள். பழக்கமிருந்தால், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நம்ப வேண்டாம். தண்ணீர் வால்வைப் பூட்டுங்கள். குழிக்குள் நிற்கிற தண்ணீரை ஸ்பொஞ்சால் முழுதும் எடுங்கள். இதில் சோம்பல் பட்டால் சென்சரை உருவும்போது அந்தத் தண்ணீர் அடித் தட்டில் கொட்டும். அங்கே கசிவைக் காட்டிக்கொடுக்கிற ஒரு மிதவை சுவிட்ச் இருக்கிறது. அது மேலெழுந்தால் மெஷின் தண்ணீர் எடுக்காமல் வடிகால் பம்பை மட்டும் ஓட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் புதிதாக ஒரு பழுதை உண்டாக்கிவிட்டதாகப் பயப்படுவீர்கள். அப்படி நடந்தால் அடித் தட்டைத் துணியால் ஒற்றிக் காய விடுங்கள், சரியாகிவிடும்.

சென்சரின் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடற்கரை வீதிக்காரருக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். உப்புக் காற்று ஏ.சி. வெளியலகைத் தின்கிறது, கதவுப் பிணைச்சலைத் தின்கிறது, கனெக்டருக்குள் இருக்கிற இந்தச் சின்ன உலோகப் பின்னை விட்டுவைக்குமா? பின்னில் பச்சைக் களிம்போ, மங்கிய சாம்பல் படையோ இருந்தால் மின் இணைப்புகளைத் துப்புரவாக்குகிற கொன்டாக்ட் கிளீனர் அடித்து, மூன்று நான்கு தரம் மாட்டிக் கழற்றி, காயவிட்டுப் போடுங்கள். தொட்டும் தொடாமலும் இருந்த வயர் என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். நாளுக்கு நாள் மாறும் ஆட்டத்துக்கு இது ஒன்றே போதும். போர்டு பக்கத்து முனையையும் மறக்காமல் பாருங்கள்.

பிளாஸ்டிக் விரல்களை மென்மையான துணியால், வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் துடையுங்கள். இரும்பு நாரோ கத்தியோ வேண்டாம். ஒரு கீறல் நிரந்தரக் கலங்கல். அழிக்க முடியாத வெள்ளைப் புகை உள்பக்கமாக இருந்தால் ஈரம் உள்ளே புகுந்துவிட்டது, அந்தத் துண்டு முடிந்தது.

தெர்மிஸ்டரை மீற்றரால் சுலபமாகப் பார்க்கலாம். அதன் இரண்டு பின்னுக்கு இடையில் ஓம் (மின்தடை) அளவு எடுத்துவிட்டு, நுனியைச் சுடுதண்ணீர்க் கோப்பையில் பிடியுங்கள். அளவு ஒழுங்காக இறங்கிக்கொண்டே போக வேண்டும். இடையில் துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ அது பழுது. மெஷின் சூடாகாமல், அல்லது சூடாகிக்கொண்டே இருந்து, நேரம் நீண்டால் கலங்கலைவிட இந்தப் பக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே துண்டு என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

விளக்கைப் பார்க்க மெஷின் ஓட வேண்டும், அதற்குப் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு 230 வோல்ட்டின் பக்கத்தில் கை வைக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதென்ற தைரியத்தில் அதை வீட்டில் செய்யாதீர்கள். டெக்னீஷியன் வந்தால் அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். போர்டில் இருந்து சென்சருக்கு வருகிற குறைந்த வோல்ட், பெரும்பாலும் 5, வருகிறதா? விரல்களுக்கு நடுவே ஒரு கறுப்பு அட்டைத் துண்டை நுழைத்தால் திரும்பிப் போகிற வோல்ட் மாறுகிறதா? மாறினால் சென்சர் உயிரோடு இருக்கிறது. ஃபோன் கமராவில் அந்த ஊதாப் பொட்டையும் காட்டச் சொல்லலாம். இதை அளக்காமலே மாற்ற வேண்டும் என்கிறவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உண்மையிலேயே செத்திருந்தால்கூடக் குழியோடு சேர்த்து மாற்றத்தான் வேண்டும் என்றில்லை. பல மெஷின்களில் சென்சர் ஒரு ரப்பர் வளையத்தோடு தனியாகக் கிடைக்கும். கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கிற லேபிளில் முழு மொடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், வெளியே எழுதியிருக்கிற பெயரை மட்டும் சொன்னால் தவறான துண்டுதான் வரும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால் பார்வைக்கு ஒரே மாதிரியான துண்டொன்றை நீட்டுவார்கள். கனெக்டர் பின்களின் வரிசையும் தெர்மிஸ்டர் அளவும் ஒத்துவராவிட்டால் அது பொருந்தும், வேலை செய்யாது. ரப்பர் வளையத்தைப் புதிதாகவே போடுங்கள். துண்டு வரும்வரை மெஷினைச் சும்மா வைத்திருக்கவும் தேவையில்லை. நேரமும் சூடும் நிர்ணயித்த சாதாரண புரோகிராம்கள் பல மெஷின்களில் சென்சரைப் பெரிதாகக் கேட்பதில்லை. சட்டியை வழித்துவிட்டு அதில் போடுங்கள்.

இன்றிரவு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். மெஷினுக்குத் தண்ணீர் வருகிற குழாயை அவிழ்த்து, ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் பிடித்து, விடியும்வரை அசைக்காமல் குசினி மேசையில் வையுங்கள். காலையில் அடியில் என்ன படிந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் தொடர்மாடித் தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்பதையும் காவலாளியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.